மக்தப் விட்டுப் பள்ளிக்கூட மணி அடிக்குமுன்



ஜூன் மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் பேச்செல்லாம் புத்தகப் பை, ஷூ, நோட்டு, அட்டை என்றுதான் ஓடும். தருமபுரி கடைவீதியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் ஒரு வாரத்துக்குக் கூட்டம் தாங்காது. ஆனால் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தும் நம் சகோதரிகளிடம், “பிள்ளைகளிடம் என்ன குறை?” என்று நாங்கள் கேட்டபோது பையைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ யாரும் பேசவில்லை. “பத்தரை மணிக்குத் தலை வலிக்குது, வயிறு வலிக்குது என்று மேசையில் சாய்ந்து விடுகிறார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், டீ குடிச்சேன் டீச்சர் என்கிறார்கள்” என்றார்கள். அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

நம் மஹல்லாக்களில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். ஃபஜ்ருக்குப் பின் எழுப்பி, முகம் கழுவி, ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து ஆறரைக்கு ஓத அனுப்புகிறோம். எட்டு மணிக்கு மக்தப் விடுகிறது. வீட்டுக்கு ஓடி வந்து தொப்பியைக் கழற்றிப் போட்டு, சீருடை மாட்டி, காணாமல் போன சாக்ஸைத் தேடி, தலை சீவி, ஒன்பது மணிக்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு மணி நேர ஓட்டத்தில் முதலில் விட்டுப் போவது சாப்பாடுதான். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, அடுத்த நாள் மதிய உணவு மணி அடிக்கும் வரை ஏறக்குறைய பதினாறு மணி நேரம் டீயிலும் பிஸ்கட்டிலும் இருக்கிறது. வேலைக்குப் பெங்களூரு போய்விட்ட பெற்றோரின் பிள்ளைகள் பாட்டி தாத்தா வீட்டில் வளரும்போது இது இன்னும் அதிகம். முதியவர்களால் அந்த வேகத்துக்கு ஓட முடிவதில்லை.

நம் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு பள்ளிக்கூடம். இரண்டும் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு சாப்பாட்டுக்கு இடம் செய்வது எப்படி என்பதே கேள்வி.

பள்ளியிலேயே தருகிறார்கள்

அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளை படித்தால் இதற்குப் பாதி விடை பள்ளியிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளை வைத்துத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஊரகப் பகுதியில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-லும், நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்ட் 26-லும் நீட்டித்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பள்ளி நாட்களில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றி, காய்கறி போட்ட சாம்பாருடன் தருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம் என்று கணக்கு. சமைத்தபின் அது 150 முதல் 200 கிராம் வரை வரும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது நிறைவான காலை உணவு.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போடுவது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராசர் 1956-ல் மதிய உணவாக விரித்தார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவாக்கினார். மூன்று தலைமுறை சாப்பிட்டுப் படித்த சாப்பாடு இது. இதை எழுதக் காரணம், “அது இல்லாதப்பட்டவங்களுக்கு” என்று சொல்லிப் பிள்ளையைத் தடுக்கும் வீடுகள் நம்மில் இன்னும் இருப்பதுதான். ஹலால், ஹராம் என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். காலை உணவு முழுக்க சைவம். மதியம் முட்டை. தயங்க ஒன்றுமில்லை, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடப் பழக்கி அனுப்புங்கள்.

உண்மையான சிக்கல் நேரம்தான். காலை உணவு வகுப்பு தொடங்குமுன் பரிமாறப்படுகிறது. எட்டு மணிக்கு மக்தப் விட்டு, வீடு போய், உடை மாற்றி வரும் பிள்ளை போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவிக் கொண்டிருப்பார்கள். ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் மக்தப் நடத்தும் ஹஜ்ரத்மார்களுக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள்: உங்கள் பகுதிப் பள்ளியில் எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டறிந்து, தொடக்க வகுப்புப் பிள்ளைகளை மட்டும் பதினைந்து நிமிடம் முன்னதாக விடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை மக்ரிபுக்குப் பிறகோ சனி, ஞாயிறிலோ ஈடு செய்து கொள்ளலாம். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தும் ஏறாது, ஸூராவும் மனனமாகாது. இதை ஹஜ்ரத்மார்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் பெற்றோர், தலைவராக இருப்பவர் ஒரு தாய். அந்தக் கூட்டங்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் போவது மிகக் குறைவு. போனால் சாப்பாட்டின் தரத்தையும் கேட்கலாம், நேரத்தையும் பேசலாம், கழிப்பறையைப் பற்றியும் கேட்கலாம்.

டீயும் தண்ணீரும்

ஓதப் போகுமுன் கொடுக்கும் டீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் பல்லில் வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்புக் கறை, பல ஆண்டுகள் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் வலி. பெரியவர்களின் பல்லைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடும் அளவுக்கு இது நமக்குப் பழக்கமான நோய். இதைத் தடுக்கத்தான் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது.

நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாவது பெரும்பாலும் எட்டு வயதுக்குள். மூன்றாம் வகுப்புக்குள் பிள்ளை என்ன தண்ணீர் குடித்தது என்பது வாழ்நாள் முழுதும் பல்லில் தெரியும். ஆகவே பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், ஒகேனக்கல் தண்ணீரைப் பிடியுங்கள். அது ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் தனியே ஒரு குடத்தில் மூடி வையுங்கள். “நாங்கள் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்” என்று பலர் சொல்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு. போர் தண்ணீரில் போட்ட திக்கான டீ என்றால் இரண்டும் சேர்கிறது. போதாததற்கு, சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீ கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பெரியவர்கள் குடிப்பதை நாங்கள் தடுக்கவில்லை (தடுத்தாலும் நடக்காது). பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டீ வேண்டாம்.

டீக்குப் பதில் என்ன? நம் மண்ணிலேயே விளைகிறது, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்து மில்லி கிராம் அளவில்தான். கால்சியம் போதுமான அளவு உண்ணும் பிள்ளையை ஃபுளோரைடு அவ்வளவு எளிதில் தாக்குவதில்லை. 2023-ல் அரசு ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கத் தேர்ந்தெடுத்தவை இரண்டே மாவட்டங்கள், நீலகிரியும் நம் தருமபுரியும். அந்தக் கேழ்வரகை வாங்கி மாட்டுக்கு வைத்த வீடுகளும் உண்டு. வாங்கிக் காயவைத்து மாவாக அரைத்து வைத்தால் பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது பெரிய உதவி.

இரவே ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். ஃபஜ்ர் தொழுததும் அடுப்பில் வைத்துக் கிளறினால் ஐந்தே நிமிடத்தில் கஞ்சி. பாலும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து இளஞ்சூட்டில் கொடுத்தால் டீ கேட்கும் பிள்ளை நாலு நாளில் டீயை மறந்துவிடும். முதல் இரண்டு நாள் முகம் சுளிக்கும், விட்டுவிடாதீர்கள்.

எட்டு மணித் தட்டும் மதியப் பெட்டியும்

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். காலையில் ஒருமுறை அடுப்பு மூட்டினால் இரண்டுக்கும் ஆகும்படி சமைப்பதே வசதி.

சாமை கிடைத்தால் விடாதீர்கள். சித்தேரி மலைப் பக்கம் விளைவது அரூர் சந்தைக்கு வரும். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், தக்காளி, பச்சை மிளகாய் ஒன்று, எல்லாம் குக்கரில் போட்டு இரண்டு விசில். அதுவே காலைக்குக் கிச்சடி, கொஞ்சம் இறுக்கமாக எடுத்து வைத்தால் மதியப் பெட்டிக்கும் ஆச்சு. காய் நறுக்குவதை இரவே முடித்து வையுங்கள்.

கேழ்வரகு அடையும் சுலபம். முருங்கைக் கீரையை இரவே உருவி வையுங்கள். அதுதான் நேரம் தின்னும் வேலை, தட்டு நிறைய கொடுத்தால் பிள்ளைகளே பேசிக்கொண்டே உருவி விடுவார்கள். காலையில் இரண்டு டம்ளர் மாவு, கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்து தோசைக் கல்லில் தட்டினால் ஆறேழு அடை வரும். தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி வையுங்கள். தக்காளியில் உள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

இரவு ரொட்டி போடும் வீடுகளில் நாலு ரொட்டி கூடுதலாகப் போட்டு வைத்தால், காலையில் கல்லில் ஒரு முட்டையை ஊற்றி அதன்மேல் ரொட்டியை வைத்துத் திருப்பிச் சுருட்டினால் மூன்று நிமிட வேலை. மக்தப் விட்டு வரும் பிள்ளை கையில் பிடித்துக்கொண்டே சாப்பிட்டுவிடும்.

பாலக்கோடு தக்காளி விலை எப்படி ஏறி இறங்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை இறங்கும் வாரம் மூன்று கிலோ வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய், பூண்டு, மிளகாய்த்தூள், உப்புடன் தண்ணீர் முழுதும் வற்றும் வரை சுண்ட வதக்கித் தொக்காக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் ஓடும். சோற்றில் பிசைந்தால் தக்காளிச் சாதம், ரொட்டிக்குத் தொக்கு, அவித்த முட்டையை அதில் புரட்டினால் முட்டை மசாலா. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டு நாளுக்கு மட்டும் செய்யுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளைக்குத் தனி, பெரியவர்களுக்குத் தனி என்று சமைக்க வேண்டாம். களியும் கொள்ளுக் கடைசலும், அல்லது களியும் கீரையும் எல்லோருக்கும் ஆகும். பிள்ளை பங்குக்குக் காரத்தைக் குறைத்து முதலிலேயே எடுத்து வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நிக்காஹ் வீட்டிலிருந்து இரவு வந்த பிரியாணியைக் காலையில் டப்பாவில் போட்டு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. இரவெல்லாம் வெளியில் இருந்த சோற்றில் கிருமி பெருகி நச்சை உண்டாக்கும், அது திரும்பச் சூடு செய்தாலும் போகாது. ஃபிரிட்ஜில் வைத்ததாக இருந்தால் காலையில் நன்றாகச் சூடாக்கி வீட்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், பெட்டிக்கு வேண்டாம்.

இஷாவுக்குப் பின் பதினைந்து நிமிடம்

காலை ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வேலையை இரவுக்கு மாற்ற வேண்டும். ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை எங்களிடம் சொன்ன வழி மிக எளிமையானது: பிள்ளையின் உயரத்துக்கு எட்டும்படி சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் ஓதும் பை, அதில் காயிதா அல்லது குர்ஆன், தொப்பி அல்லது மக்கனா. இன்னொன்றில் பள்ளிப் பை. ஒரே பையில் இரண்டையும் திணிப்பதால்தான் காயிதா பள்ளிக்கும் கணக்கு நோட்டு மக்தபுக்கும் போகிறது.

இரவு படுக்குமுன் பிள்ளையே பையை எடுத்து வைக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாளைய பாடத்துக்கு வேண்டியது மட்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை 1.6 முதல் 2.2 கிலோ வரையும், மூன்று முதல் ஐந்து வரை 1.7 முதல் 2.5 கிலோ வரையும் இருக்கலாம் என்று ஒன்றிய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. மளிகைக் கடைத் தராசில் ஒருநாள் வைத்துப் பாருங்கள், பலருடையது இதைத் தாண்டும். சீருடை, சாக்ஸ், உள்ளாடை எல்லாம் ஒன்றாக மடித்து ஒரு நாற்காலியில். சீவிய பென்சில் இரண்டு. இவ்வளவுதான்.

இஷா முடிந்து எட்டரைக்குப் பிள்ளை படுத்துவிட வேண்டும். ஆறு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் தேவை. ஐந்தரைக்கு எழுப்புகிற வீட்டில் பத்து மணி வரை கைபேசியைக் கொடுத்துவிட்டுக் காலையில் அடித்து எழுப்புவது நியாயமில்லை.

வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, பை, காலணி பள்ளியிலேயே தருகிறார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு ஆண்டுக்கு நாலு செட் சீருடையும் உண்டு. அது வருமுன் அவசரப்பட்டு வாங்கி, அதற்காக வாரத் தவணைக் குழுவில் வட்டிக்குக் கடன் எடுப்பதை நாம் ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறோம். பென்சில், ரப்பர், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா தவிர முதல் வாரத்தில் எதுவும் அவசரமில்லை. பாட்டிலும் டப்பாவும் மட்டும் எவர்சில்வரில் வாங்குங்கள், மூன்று வருடம் ஓடும்.

ஒரு ஃபைல்

ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளியிலிருந்து திடீரென்று ஒரு தாள் கேட்பார்கள். அப்போது பீரோவைக் குடைவதற்குப் பதில் இப்போதே பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் முதலில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாமல் வாங்கியிருந்தால் பிறந்து பதினைந்து ஆண்டுக்குள் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாக இந்தச் சான்றிதழை மட்டுமே ஏற்பார்கள், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். ஆதாரில் ஐந்து வயது முடிந்ததும் விரல் ரேகை பதிய வேண்டும். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை.

நம் பெயர்களில் எழுத்துப் பிழைதான் பெரிய தலைவலி. ஓரிடத்தில் முகமது, இன்னோரிடத்தில் முஹம்மத், மூன்றாவதில் இனிஷியல் வேறு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது திருத்துவது எளிது, பத்தாம் வகுப்பில் மிகவும் கஷ்டம். சாதிச் சான்றிதழும் அப்படியே. லப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையது, அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளா ஆகியோர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் பட்டியலில் வருகிறார்கள். 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இதன் பேரில்தான். லப்பையில் ராவுத்தரும் மரைக்காயரும் அடங்குவர். பள்ளிப் பதிவேட்டில் வெறுமனே ‘முஸ்லிம்’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒன்றிய அரசு தந்துவந்த சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை 2022-23 முதல் நின்றுவிட்டது. இன்னும் பலர் அதற்கு விண்ணப்பம் கேட்டு வருகிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு மட்டுமே அது என்று அப்போது அறிவித்துவிட்டார்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பள்ளி திறக்கும் வாரம் அஸருக்குப் பின் எங்கள் அலுவலகத்தில் இருப்போம். படிவம் நிரப்பவோ, பெயர்த் திருத்தத்துக்கு எங்கே போவது என்று கேட்கவோ தாய்மார்களும் வரலாம். அசல் சான்றிதழ்களை எங்களிடம் விட்டுச் செல்ல வேண்டாம், நகல் மட்டும் கொண்டு வாருங்கள்.